கொடியில் துணி காயாத நாற்பத்தொரு நாள்

2024 மார்ச் 28 முதல் மே 7 வரை எங்கள் வீட்டுப் பின்பக்கம், பொடக்காலித் துணிக்கொடியில் ஒரு கைக்குட்டைகூடக் காயவில்லை. ஈரத் துணியை வாளியில் சுமந்துகொண்டு தினமும் மொட்டை மாடிக்கு ஏறினேன். முழங்காலுக்கு வாங்கிய தைலமே இருநூறு ரூபாய் ஆகியிருக்கும். கொடியின் ஓரத்தில், சுவர் ஆணியிலிருந்து தொங்கிய பழைய கம்பியின் நுனியில், ஒரு தேன்சிட்டு கூடு கட்டியிருந்தது. அதற்காகத்தான் இந்த ஏற்றமும் இறக்கமும். கேட்டவர்கள் சிரித்தார்கள். அதே இடத்தில் அதற்கு முந்தைய வருடம் நான் என்ன செய்தேன் என்பது அவர்களுக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை. இப்போது சொல்வதற்குக் காரணம், அடுத்த பங்குனியில் வேறு யாராவது கையில் ஒட்டடைக் குச்சியோடு நிற்பார்கள் என்பதுதான்.

நாங்கள் இருப்பது கோபிசெட்டிபாளையம் பக்கம், தடப்பள்ளி வாய்க்கால் பாயும் வயல்களை ஒட்டிய ஒரு புது மனைப்பிரிவில். கணவருக்குத் திருப்பூரில் வேலை, ஞாயிறு மட்டும் வருவார். வீட்டில் நானும் அத்தையும்தான். நான் தையல் வேலை செய்கிறேன். மெஷின் போட்டிருக்கும் ஜன்னலுக்கு வெளியே ஒன்றரை சென்ட் இடம்: ஒரு வேம்பு, ஒரு கறிவேப்பிலை, ஒரு நந்தியாவட்டை, இடுப்பளவு மல்லிகைப் புதர், நான்கைந்து கத்தரிச் செடி. மாசி கழிந்து பங்குனி பிறந்தால் வேம்பு பூக்கத் தொடங்கும். விடியும் முன்பே குயில் ஆரம்பித்துவிடும். 2022-இல் குடிவந்தபோதே, இங்கே குருவி வந்து கூடு கட்ட வேண்டும், ஜாக்கெட்டுக்குக் கை வைத்துக்கொண்டே அதைப் பார்க்க வேண்டும் என்று ஆசை. ஆசை வந்த உடனே செலவு வந்தது.

2023 பிப்ரவரியில் ஆன்லைனில் நான்கு மரப்பெட்டிக் கூடுகள் வாங்கினேன், ஒன்று 490 ரூபாய். வேம்பில் இரண்டு, சன்ஷேடுக்குக் கீழே இரண்டு என்று மாட்டினேன். ஒரு குருவிகூட எட்டிப் பார்க்கவில்லை. ஒன்றில் குளவி குடியேறியது, அவ்வளவுதான். பிறகுதான் புரிந்தது: பெட்டிக்குள் நுழைந்து முட்டையிடுபவை பொந்து தேடும் பறவைகள் மட்டுமே. சிட்டுக்குருவி, மைனா, குண்டுகரிச்சான் போன்றவை. எங்கள் தெருவில் சிட்டுக்குருவியே கிடையாது. எங்கள் தோட்டத்துக்கு வருவது கொண்டைக்குருவி, தேன்சிட்டு, தையல்சிட்டு. கொண்டைக்குருவி புதருக்குள் கிண்ணம் போலக் கட்டும், தேன்சிட்டு தொங்கவிடும், தையல்சிட்டு இலையைத் தைக்கும். இந்த மூன்றில் எதற்கும் பெட்டி வேண்டியதில்லை. வாங்குவதற்கு முன் ஒரு வாரம் ஜன்னலில் உட்கார்ந்து யார் யார் வருகிறார்கள் என்று பார்த்திருந்தால் 1,960 ரூபாய் கையில் இருந்திருக்கும்.

அந்த ஏப்ரல் 13, தமிழ்ப் புத்தாண்டான சித்திரைக் கனிக்கு முந்தின நாள். வீடு கழுவி, பொடக்காலி வரை ஒட்டடை அடித்துக்கொண்டிருந்தேன். துணிக்கொடியின் ஓரக் கம்பியில் ஒரு குப்பை தொங்கியது: காய்ந்த இலைத் துணுக்கு, மரப்பட்டைச் சிம்பு, சிலந்தி நூல், புழுவின் எச்சம், எல்லாம் சேர்ந்து ஒரு சாண் நீளத்துக்கு. ஒட்டடைதான் என்று ஒரே சுழற்றில் இழுத்தேன். கீழே விழுந்து பிளந்தபோது உள்ளே வெள்ளை வெளேரென்று இலவம்பஞ்சு. அதன் மேல் புளியங்கொட்டை அளவில் ஒரு முட்டை முழுதாக, இன்னொன்று உடைந்து. முழு முட்டையைக் கையில் எடுத்தேன். அது இன்னும் சூடாக இருந்தது. அத்தை உள்ளேயிருந்து, "அம்மிணி, ஒட்டடை அடித்து முடித்துவிட்டாயா?" என்று கேட்டார். "முடித்துவிட்டேன்" என்றேன்.

மறுநாள் காலையில் கனி பார்க்கக் கண் விழித்து, வாசல் தெளித்து, கோலமும் போட்டு முடித்துப் பின்பக்கம் போனபோது அந்தப் பெண் சிட்டு வந்திருந்தது. கம்பியின் நுனியில் உட்காரும், எழும், கூடு இருந்த உயரத்தில் காற்றிலேயே நின்று சிறகடிக்கும், மறுபடி உட்காரும். இரண்டு நாள் இப்படி வந்துபோனது. மூன்றாம் நாள் வரவில்லை.

ஒட்டடைக்கும் தேன்சிட்டுக் கூட்டுக்கும் வித்தியாசம் தெரிந்துகொள்ள ஒரு நிமிடம் போதும். ஒட்டடைக்கு வாய் கிடையாது. கூட்டுக்குப் பக்கவாட்டில் கட்டைவிரல் நுழையும் அளவுக்கு ஒரு வாசல் இருக்கும், அதற்கு மேலே சின்னத் தாழ்வாரம் போல ஒரு நீட்டல் இருக்கும். காற்றில் ஒட்டடை பறக்கும், கூடு கனத்தோடு ஆடும். சந்தேகமாக இருந்தால் பத்து நிமிடம் தள்ளி நின்று பாருங்கள், யாராவது வந்துவிடுவார்கள். மாசி முதல் ஆனி வரைக்கும் போர்டிகோ விளக்கு, அழைப்பு மணிக் கம்பி, கேபிள், துணிக்கொடி, தொங்கும் தொட்டி என எதில் எது தொங்கினாலும் பார்க்காமல் கை வைக்க வேண்டாம். வீட்டு வேலைக்கு ஆள் வைத்திருந்தால் அவர்களிடமும் காட்டிவிடுங்கள்.

இந்தக் குற்ற உணர்ச்சியோடு நான் சும்மா இருந்திருக்க வேண்டும். இருக்கவில்லை. வைகாசியில் மல்லிகைப் புதருக்குள் ஒரு கொண்டைக்குருவி ஜோடி கூடு கட்டியது. வாலடியில் சிவப்புப் பொட்டு வைத்தது, சின்னான் என்றும் சொல்வார்களே, அதுதான். மூன்று முட்டை, இளஞ்சிவப்பில் செம்புள்ளி தெளித்தது போல. போன கூட்டுக்குப் பரிகாரமாக இதை நான்தான் காப்பாற்றப் போகிறேன் என்று நினைத்துக்கொண்டேன். 2,800 ரூபாய்க்கு ஒரு வைஃபை கேமரா வாங்கி எதிரே குச்சி நட்டுக் கட்டினேன். படம் தெளிவாகத் தெரியவில்லை, நடுவில் கிளை மறைத்தது. நான்கு கிளையைக் கத்தரித்தேன். காலையில் ஏழு மணிக்கு ஒரு தடவை, மதியம் ஒரு தடவை, விளக்கு வைக்கும் முன் ஒரு தடவை போய் எட்டிப் பார்த்தேன். அந்தப் பக்கம் புல் மிதிபட்டு ஒற்றையடிப் பாதையே விழுந்துவிட்டது. முகூர்த்த மாதம், மேஜை மேல் ஆறு ஜாக்கெட் வெட்டாமல் கிடந்தது, நான் செல்போனில் முட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பதினான்காம் நாள் குஞ்சு பொரித்தது. மூன்றாவது நாள், பகல் பதினொன்றரை இருக்கும், புதர்ப் பக்கம் பெரிய ரகளை. ஓடிப் போனேன். கூட்டில் ஒன்றும் இல்லை. கேமராவில் பதினாறு விநாடி பதிவாகியிருந்தது. செம்போத்துப் பறவை ஒன்று தரையில் நடந்தே வருகிறது, நான் போட்ட பாதை வழியாகவே. நான் கத்தரித்த இடைவெளியில் தலையை நுழைக்கிறது. அந்தச் சிவப்புக் கண் திரையில் ஒரு கணம் நிறைந்து நிற்கிறது. அந்தப் பதிவை நான் அழிக்கவும் இல்லை, மறுபடி பார்க்கவும் இல்லை.

செம்போத்தைக் குறை சொல்ல முடியாது. முட்டையும் குஞ்சும் அதற்கு உணவு. காக்கை, வால்காக்கை, அணில், பூனை, யாரும் விதிவிலக்கில்லை. கூட்டுக்கு இருக்கும் ஒரே காவல் அது கண்ணில் படாமல் இருப்பதுதான். அதை நான் வெட்டி எடுத்துவிட்டேன். ஆகவே கூட்டைச் சுற்றி ஒரு இலையைக்கூட ஒதுக்காதீர்கள். நேராக நடந்து போய்க் கூட்டுக்கு முன்னால் நிற்காதீர்கள். நாம் எதை உற்றுப் பார்க்கிறோம் என்று காக்கை நம்மை உற்றுப் பார்த்துக்கொண்டிருக்கும். ஐந்தாறு மீட்டர் தள்ளி, தினமும் நீங்கள் உட்காரும் இடத்திலிருந்து பார்த்தால் பறவைக்கும் பழகிவிடும். நான் பிறகு 1,500 ரூபாய்க்குப் பழைய பைனாகுலர் ஒன்று வாங்கினேன், அதை முதலிலேயே வாங்கியிருக்கலாம். குஞ்சுகளுக்கு இறகு மூடும் சமயத்தில் இன்னும் கவனம் வேண்டும். அப்போது நாம் கிட்டே போனால் பயத்தில் பறக்கத் தெரியும் முன்பே குதித்துவிடும். மல்லிகையைக் கவாத்து செய்வதென்றால் நவம்பர் கடைசியில் செய்யுங்கள். செடிக்கும் அதுதான் பருவம், அப்போது கூடும் இருக்காது.

அந்த ஜோடி போய்விடும் என்று நினைத்தேன். பத்து நாளில் நந்தியாவட்டையில் மறுபடி கட்டத் தொடங்கியது. இந்தத் தடவை நான் கிட்டே போகவில்லை, அந்தளவுக்குப் புத்தி வந்திருந்தது. ஆனால் கூடு கட்ட உதவலாமே என்று வெட்டுத்துணி நூல்களையெல்லாம் ஒரு கம்பிக் கூடையில் போட்டு வேம்பில் தொங்கவிட்டேன். ஏதோ வீடியோவில் பார்த்தது. அந்தக் குருவி ரோஸ் நிறப் பாலியஸ்டர் நூலை இழுத்துக்கொண்டு போனபோது எனக்குப் பெருமை தாங்கவில்லை. என் நூல், என் குருவி.

ஆனி மாதத்தில் ஒரு காலை, குஞ்சுகள் வெளியேறும் நாள். ஒன்று கிளைக்குத் தாவிவிட்டது. இன்னொன்று தலைகீழாகத் தொங்கியது. கூட்டில் பின்னியிருந்த நூல் அதன் காலில் இரண்டு சுற்றுச் சுற்றி இறுகியிருந்தது. பருத்தி நூல் என்றால் இற்றுப்போகும். பாலியஸ்டர் இற்றுப்போகாது என்பது வேறு யாருக்குத் தெரியாவிட்டாலும் எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதைத்தானே நான் வாடிக்கையாளர்களிடம் சொல்லி விற்கிறேன். நூல் கத்தரியால் வெட்டி எடுத்தேன். கால் கருநீலமாக வீங்கியிருந்தது. செருப்பு அட்டைப்பெட்டியில் துணி விரித்து வைத்தேன். வாயைத் திறந்து திறந்து மூடியது, தாகம் என்று நினைத்து இங்க் ஃபில்லரில் நீர் எடுத்து வாயில் விட்டேன். பாலில் நனைத்த ரொட்டியும் கொஞ்சம். ஒரு தடவை தும்மியது போல உடம்பு குலுங்கியது. ஆட்டோ பிடித்து ஊருக்குள் ஒரு கால்நடை மருத்துவரிடம் கொண்டு போவதற்குள் அடங்கிவிட்டது. போக வர 280 ரூபாய்.

அந்த மருத்துவர் திட்டவில்லை, அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. நிதானமாகச் சொன்னார். பறவைக்கு மூச்சுக்குழல் வாய் நாக்கின் அடியிலேயே இருக்கிறது, மேலிருந்து சொட்டுகிற நீர் நேராக அதற்குள் போகும். பறவைக்குப் பால் செரிக்காது. காயம்பட்ட குஞ்சென்றால் காற்றுத் துளை போட்ட பெட்டியில், இருட்டாக, வெதுவெதுப்பாக வைத்து, ஒன்றும் ஊட்டாமல் உடனே கொண்டுவர வேண்டும், அல்லது வனத்துறைக்குச் சொல்ல வேண்டும். வீட்டில் வைத்து வளர்க்கலாம் என்ற நினைப்பே வேண்டாம், சட்டப்படியும் அது குற்றம். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் காட்டுப் பறவையின் முட்டையைச் சேதப்படுத்துவதும் கூட்டைக் கலைப்பதும் வேட்டை என்ற சொல்லுக்குள்ளேயே அடங்கும். நான் சித்திரைக் கனியை நினைத்துக்கொண்டேன்.

வீடு திரும்பினால் முதலில் தாவிய குஞ்சு புல்லில் உட்கார்ந்திருக்கிறது. உடம்பு முழுக்க இறகு, வால் மட்டும் கட்டை. முந்தின நாள் என்றால் அதையும் தூக்கி உள்ளே கொண்டு போயிருப்பேன். இறகு முளைக்காத சதைக் குஞ்சு விழுந்தால் கூட்டில் எடுத்து வைக்க வேண்டும், இறகு மூடியது தத்தித் தத்தித் திரிந்தால் அது விழுந்ததல்ல, வெளியே வந்தது என்று மருத்துவர் சொல்லியிருந்தார். பக்கத்து வீட்டுப் பூனை நினைவுக்கு வர, நந்தியாவட்டையின் உட்கிளையில் எடுத்து வைத்துவிட்டு ஜன்னலுக்கு வந்துவிட்டேன். மனிதக் கை பட்டால் தாய் சேர்க்காது என்று அத்தை அடித்துச் சொன்னார். பத்து நிமிடத்தில் தாயோ தந்தையோ ஒரு வெட்டுக்கிளியோடு வந்து அதன் வாயில் திணித்தது. அத்தை அதற்கப்புறம் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. கூடே கலைந்துபோய் வைக்க இடமில்லை என்றால், அடியில் துளையுள்ள சின்னக் கூடையில் காய்ந்த புல் போட்டு, பழைய இடத்துக்கு முடிந்தவரை பக்கத்தில் கட்டி, ஒரு மணி நேரமாவது தள்ளி நின்று பார்க்க வேண்டும்.

அந்த ஆறு ஜாக்கெட்டும் வேறு தையல்காரரிடம் போய்விட்டன, 3,900 ரூபாய். பெட்டி, கேமரா, ஆட்டோ எல்லாம் கூட்டினால் அந்த வருடக் கணக்கு ஒன்பதாயிரத்துக்கு அறுபது ரூபாய் குறைவு. ஞாயிறு வந்த கணவரிடம் கேமரா பழுதாகிவிட்டது என்று சொல்லிப் பரணில் போட்டேன்.

2024-இல் நான் செய்ததைவிடச் செய்யாததுதான் அதிகம். நூல் துணுக்குகளுக்கு மூடியுள்ள டப்பா வைத்தேன், தலையில் உதிரும் முடியும் அதற்குள்தான் போகிறது. மாவுப்பூச்சிக்கு அடித்துக்கொண்டிருந்த மருந்தை நிறுத்தினேன். தேன் குடிக்கும் பறவையானாலும் பழம் தின்னும் பறவையானாலும் குஞ்சுக்குப் புழு பூச்சிதான் ஊட்டுகிறது. கறிவேப்பிலையில் வண்ணத்துப்பூச்சிப் புழுக்கள் ஏறின, எடுக்கவில்லை. பாதி மரம் மொட்டையானது. கொண்டைக்குருவி பச்சைப் புழுவாகப் பொறுக்கிக்கொண்டு போனது. "ரசத்துக்குத் தாளிக்க இலை இல்லை, குருவிக்கு விருந்து வைக்கிறாய்" என்று அத்தை முணுமுணுத்தார். அந்த மாதம் கறிவேப்பிலையைக் கடையில் வாங்கினோம். மழை வந்ததும் மரம் துளிர்த்துவிட்டது. பூனை ஏறிவரும் துணிக்கொடிக் கம்பத்தைச் சுற்றி ஒரு முழம் அகலத்துக்கு வழவழப்பான தகரம் அடித்தேன். நகம் பிடிக்காமல் வழுக்கி இறங்கியது. பக்கத்து வீட்டாரோடு சண்டை போடுவதைவிட அது மலிவு.

தண்ணீருக்கு ஒரு மண் தட்டு. இரண்டு விரல்கடை ஆழம், நடுவில் ஒரு கல். கொசு ஒழிப்புக்கு வந்த பெண் பணியாளர் அதைப் பார்த்துவிட்டுக் கவிழ்க்கப் போனார். தினமும் மாற்றுகிறேன் என்றேன். விரலால் தட்டின் உட்சுவரைத் தடவிக் காட்டி, மாற்றினால் மட்டும் போதாது, தேய்த்துக் கழுவ வேண்டும், டெங்கு கொசுவின் முட்டை சுவரில் ஒட்டிக்கொண்டு காய்ந்தும் உயிரோடு இருக்கும் என்றார். அன்று முதல் தேங்காய் நார் போட்டுத் தேய்க்கிறேன்.

அந்த மார்ச் மாதம்தான் கத்தரிச் செடியில் தையல்சிட்டைப் பார்த்தேன். இரண்டு இலையின் ஓரத்தைச் சேர்த்து அலகால் குத்தி, பஞ்சும் சிலந்தி நூலும் நுழைத்துக்கொண்டிருந்தது. ஒரே நூலில் ஓடும் ஓட்டுத்தையல் என்றுதான் நினைத்திருந்தேன். பைனாகுலரில் பார்த்தால் அப்படியில்லை. ஒவ்வொரு துளைக்கும் தனித்தனி இழை. மறுபக்கம் வெளியே வந்த பிசிறு உப்பி, முடிச்சு இல்லாமலே பொத்தான் போல நின்றுகொள்கிறது. ஒன்று விட்டாலும் அடுத்தது விடாது. இருபது வருடமாகத் தைக்கிறேன், அன்று மதியம் மெஷினில் கை ஓடவில்லை.

மார்ச் 28 காலையில் துணி உலர்த்தப் போனபோது அதே கம்பியில், அதே நுனியில், சிலந்தி நூல் ஒரு இழை. வாளியைத் திருப்பி எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனேன். பெண் சிட்டுதான் கட்டியது. ஆண் ஊதாத் தொண்டையைக் காட்டிக்கொண்டு கூடவே பறந்தது, ஒரு துரும்பு தூக்கியதாக நான் பார்க்கவில்லை. பத்து நாளில் கூடு முடிந்தது. அப்புறம் பதினைந்து நாள் வாசலில் ஒரு வளைந்த அலகு மட்டும் தெரியும். சித்திரைக் கனி வந்தது, பொடக்காலியில் ஒட்டடை அடிக்கவில்லை. அத்தை ஏன் என்று கேட்டார். அப்போதுதான் அவரிடம் முதல்முறையாகச் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "எனக்கும் தெரியும் கண்ணு. முறத்தில் முட்டை ஓட்டைப் பார்த்தேன்" என்றார். அடுத்த நாளிலிருந்து தன் புடவையை மட்டும் தானே மாடிக்கு எடுத்துப் போனார்.

குஞ்சு பொரித்த பிறகு ஆணும் ஊட்ட வந்தது. மே 7 காலை எட்டு மணிக்கு முதல் குஞ்சு வாசலில் வந்து உட்கார்ந்தது, தாய் வேப்பங்கிளையிலிருந்து விடாமல் கூப்பிட்டது. ஐந்து நிமிடம் யோசித்துவிட்டுப் பறந்தது. இரண்டாவதற்கு இன்னும் ஒரு மணி நேரம் பிடித்தது. அந்தச் சமயம் பார்த்து வேலியோரம் செம்போத்தின் 'ஊப், ஊப்' கேட்டது. எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது, எழுந்திருக்கவில்லை. கையில் இருந்த ஜாக்கெட்டில் கொக்கி தைத்துக்கொண்டே இருந்தேன். பிறகு பார்த்தால் ஒரே ஜாக்கெட்டில் பத்துக் கொக்கி வைத்திருக்கிறேன், அதில் மூன்று தலைகீழாக.